பூட்டிய பின்னரே தவக்குல்
இருசக்கர வாகனங்களைத் திருட்டிலிருந்து காப்பது குறித்து

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது சாந்தியும் சமாதானமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் நின்று நிலவட்டுமாக!

 

பொதுக்குழுவில் வரவு செலவும், கட்டட நிதியும், மதரஸா வளர்ச்சியும் பேசப்படுவது வழக்கம். வாகனத் திருட்டைப் பற்றிப் பேசுவதற்கு இது இடமா என்று சிலர் எண்ணக்கூடும். இடம்தான் என்பது என் பணிவான கருத்து. ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசலின் வாயிலில் அணிவகுத்து நிற்கும் வண்டிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு, குடியிருக்கும் வீட்டிற்கு அடுத்தபடியான பெரிய உடைமை அந்த வண்டிதான். அதன் பாதுகாப்பு நம் பிழைப்போடும், பிள்ளைகளின் ஒழுக்கத்தோடும், ஊரின் அமைதியோடும் பிணைந்து கிடக்கிறது.

வண்டி ஒன்று போனால் எவையெல்லாம் போகின்றன?

அண்ணாகிராமம் வட்டாரத்தின் வாழ்க்கை முறையை நாம் அறிவோம். பண்ருட்டிச் சந்தைக்குப் பலாவும் முந்திரியும் கொண்டு செல்வோர், நெல்லிக்குப்பத்திற்கு வேலைக்குச் செல்வோர், கடலூர் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் செல்வோர், சிதம்பரத்தில் பயிலும் பிள்ளைகள் என ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காலையில் ஒரு வண்டி புறப்படுகிறது. அது பண்ருட்டிப் பேருந்து நிலையத்திலோ, மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையங்களிலோ மாலை வரை நிற்கிறது. அன்றாடம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் அது நிற்கிறது.

மொபெட் ஒன்றின் பின்புறம் கூடைகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வியாபாரம் செய்யும் ஒரு சகோதரரை எண்ணிப் பாருங்கள். அவ்வண்டி திருடு போன மறுநாள் அவருக்கு வியாபாரம் இல்லை. கடனில் வாங்கிய வண்டியாயின் மாதத் தவணை நிற்பதில்லை. வண்டி இல்லாத வீட்டிலிருந்து வண்டிக்கான பணம் போய்க்கொண்டே இருக்கும். வளைகுடாவில் வெயிலில் நின்று உழைத்து மகன் அனுப்பிய பணத்தில் வாங்கியதாக இருந்தால், இழப்பின் வேதனை கடல் கடந்தும் செல்லும்.

இழப்பு அத்தோடு முடிவதில்லை. திருடப்பட்ட வண்டி பெரும்பாலும் அடுத்த குற்றத்திற்குக் கருவியாகிறது. சாலையில் நடந்து செல்லும் பெண்ணின் கழுத்துச் சங்கிலியைப் பறிப்போர் தம் சொந்த வண்டியில் வருவது அரிது. புதுச்சேரி எல்லையை ஒட்டிய நம் மாவட்டத்தில் மதுக் கடத்தலுக்கும் இருசக்கர வாகனங்கள் பயன்படுகின்றன என்பதை அனைவரும் அறிவர். புகார் செய்யாமல் விடப்பட்ட வண்டி அத்தகைய வழக்கொன்றில் பிடிபடுமானால், பதிவு எண்ணை வைத்துக் காவல்துறை முதலில் கதவைத் தட்டுவது உரிமையாளரின் வீட்டில்தான்.

தவக்குலும் தற்காப்பும்

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிச் சாவியை வண்டியிலேயே விட்டுச் செல்லும் சகோதரர்கள் நம்மிடையே உண்டு. அவர்களது ஈமானில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் மார்க்கம் தவக்குலை அவ்வாறு கற்பிக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவனைச் சார்ந்திருக்க வேண்டுமா, கட்டாமல் விட்டுவிட்டுச் சார்ந்திருக்க வேண்டுமா என்று வினவிய தோழரிடம், முதலில் கட்டுமாறும் பின்னர் இறைவனைச் சார்ந்திருக்குமாறும் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை எகிப்துக்கு அனுப்புகையில் ஒரே வாயிலில் நுழையாமல் வெவ்வேறு வாயில்களில் நுழையுமாறு கூறி, அதன் பின்னரே தம் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைத்ததைத் திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. நபிமார்களின் தவக்குல் முன்னேற்பாட்டை விட்டதில்லை.

நம் ஃபிக்ஹுச் சட்ட அறிஞர்கள் இதனை இன்னும் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். திருட்டுக் குற்றத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர்கள் ‘ஹிர்ஸ்’ என்றொரு சொல்லைப் பயன்படுத்துவர். ஒரு பொருள் வழக்கப்படி எத்தகைய காவலில் வைக்கப்பட வேண்டுமோ, அத்தகைய காவலுக்குப் பெயர் ஹிர்ஸ். காவலில் வைக்கப்பட்ட பொருளை எடுப்பதற்கும், காவலின்றிக் கிடந்த பொருளை எடுப்பதற்கும் தண்டனையில் அவர்கள் வேறுபாடு காட்டினர். இரண்டாமவன் செய்ததும் பாவமே, குற்றமே. ஆயினும் பொருளைக் காக்க வேண்டிய கடமை உரியவருக்கும் உண்டு என்பது அச்சட்ட நுணுக்கத்தில் விளங்குகிறது.

பள்ளிவாசலில் திருட்டு நிகழ்வதும் புதிதன்று. ஸஃப்வான் இப்னு உமையா (ரலி) அவர்கள் பள்ளியில் தம் மேலாடையைத் தலைக்கடியில் வைத்து உறங்கியபோது அதை ஒருவன் திருடிய செய்தியை அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன. அந்நபவீ காலத்திலேயே அது நிகழ்ந்திருக்குமாயின், நம் காலத்துப் பள்ளிவாசல் வாயில் திருட்டுக்கு அப்பாற்பட்டதென்று எண்ணியிருப்பது பேதைமை.

திருடன் எதைப் பார்க்கிறான்?

திருடனுக்கு வேண்டுவன மூன்று: விரைவாக எடுக்கக்கூடிய வண்டி, பார்ப்பவர் இல்லாத நேரம், எளிதில் விற்கக்கூடிய சரக்கு. ஆகவே விலையுயர்ந்த வண்டிகளே திருடு போகும் என்ற எண்ணம் தவறானது. தெருவெங்கும் ஓடுகின்ற சாதாரண வண்டிக்குத்தான் உதிரிபாகத் தேவை அதிகம். ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கிடையே அது தனித்துத் தெரிவதுமில்லை. ஓடி ஓடித் தேய்ந்த பழைய வண்டியின் பூட்டு, அதே வகையைச் சேர்ந்த வேறொரு தேய்ந்த சாவிக்குத் திறந்துகொள்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். அத்தகைய பூட்டை மாற்ற ஆகும் செலவு வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

நேரத்தைப் பொறுத்தவரை, மக்கள் எத்தனை நேரம் திரும்பி வரமாட்டார்கள் என்பது திருடனுக்குத் தெரிந்த இடங்களே அவனுக்கு ஏற்றவை. ரயில் புறப்பட்ட பின் ரயில் நிலையம், நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் மருத்துவமனை, பந்தி நடக்கும் வேளையில் திருமண மண்டபம், மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை ஆகியன அத்தகையவை. வருத்தத்தோடு சொல்கிறேன், பள்ளிவாசலும் அவற்றுள் ஒன்று. இகாமத் சொன்னது முதல் ஸலாம் கொடுப்பது வரை எவரும் வெளியே வரமாட்டார் என்பதை அறிய ஒருவன் ஆலிமாக இருக்க வேண்டியதில்லை. ஜும்ஆ, தராவீஹ், பெருநாள் தொழுகை, விடியற்காலை ஃபஜ்ரு ஆகிய நான்கு வேளைகளில் நம் வாயிலுக்குக் கூடுதல் கவனம் தேவை.

ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை

முதலாவது, ‘சைடு லாக்’ எனப்படும் கைப்பிடிப் பூட்டு. இதைப் போடுவதற்கு ஒரு நொடி போதும். ஆனால் இதை மட்டுமே நம்புவது போதாது. வலுவான உதையில் அது உடைந்துவிடக்கூடும். ஆகவே இரண்டாவது பூட்டு ஒன்று அவசியம். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு டிஸ்க் லாக்கும், மற்ற வண்டிகளுக்குச் சக்கரத்தில் மாட்டும் தடித்த சங்கிலிப் பூட்டும் ஏற்றவை. சங்கிலியைத் தரையில் தொங்கவிடாமல், இயலுமிடத்தில் கம்பத்தோடோ கிராதியோடோ சேர்த்துப் பூட்டுங்கள். உலகில் உடைக்க முடியாத பூட்டு இல்லை. உடைக்க நேரம் பிடிக்கும் பூட்டு உண்டு. அந்த நேரமே நமக்குக் காவல்.

இரண்டாவது, நிறுத்துமிடம். சுவரோரத்து இருளைவிட விளக்கின் வெளிச்சமும், மரநிழலைவிடக் கடைக்காரரின் பார்வையும் மேல். வண்டி வெயிலில் நின்றால் இருக்கை சுடும். இருளில் நின்று காணாமற்போனால் இருக்கையே இராது. வீட்டில் இரவில் திண்ணையோரம் நிறுத்துவோர், இயன்றவரை கதவுக்குள்ளே ஏற்றிவிடுங்கள்.

மூன்றாவது, ஆவணங்கள். அசல் ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டுச் சீட்டையும் ஸ்கூட்டரின் இருக்கைக்கடியில் வைத்திருப்போர் பலர். திருடனுக்கு வண்டியோடு உரிமைப் பத்திரத்தையும் சேர்த்து வழங்குவதற்கு இது ஒப்பானது. 2018-ஆம் ஆண்டு செய்யப்பட்ட விதித் திருத்தத்திற்குப் பின் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகியவற்றில் உள்ள மின்னணு ஆவணங்களைச் சோதனையின்போது காட்டலாம். அசலை வீட்டுப் பீரோவில் வையுங்கள். அதே போன்று, ஸ்டாண்டில் தரும் டோக்கனை வண்டியின் பையிலேயே செருகிவிட்டுச் செல்லாதீர்கள். அந்த டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் வண்டி ஒப்படைக்கப்படும்.

நான்காவது, வாகனப் பதிவில் உங்கள் இன்றைய கைபேசி எண் உள்ளதா என்று பாருங்கள். திருடப்பட்ட வண்டி வேறொரு ஊரில் விதிமீறிப் பிடிபட்டால், அந்த மின்னணு அபராதச் செய்தி பதிவு செய்த எண்ணுக்கே வரும். அது வண்டி சென்ற வழியைக் காட்டும் தடயமாகலாம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்பட்ட வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு கட்டாயம். கழற்றினால் மீண்டும் பொருத்த இயலாத பூட்டமைப்பு அதில் உண்டு. அழகுக்காக அதை நீக்கிவிட்டு வேறு தகடு மாட்டும் இளைஞர்கள், தம் வண்டிக்கு அரசு அளித்த ஒரு காவலைத் தாமே நீக்குகின்றனர்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்போருக்கு ஒரு சொல். சாவியின்றிக் கைபேசியால் இயங்கும் வண்டியாயின், கைபேசியின் பூட்டே வண்டியின் பூட்டு. கழற்றக்கூடிய மின்கலம் உள்ள வண்டியில் அதைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் செல்வது நன்று.

தலைக்கவசம் காட்டிய பாடம்

இவ்விடத்தில் மேற்கு ஜெர்மனியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்நாட்டில் தலைக்கவசம் அணிதல் 1976-இல் கட்டாயமாக்கப்பட்டது. அணியாதவருக்கு உடனடி அபராதம் விதிக்கும் முறை 1980-இல் வந்தது. அதன் பின்னர் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. 1980-இல் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த இருசக்கர மோட்டார் வாகனத் திருட்டுகள் 1986-இல் ஏறத்தாழ 54,000 ஆகக் குறைந்தன. காரணம் எளிது. வழியில் கண்ட வண்டியைத் திடீரென எடுத்துச் செல்பவனிடம் தலைக்கவசம் இருப்பதில்லை. அது இல்லாமல் ஓட்டினால் உடனே காவலரின் கண்ணில் படுவான். அவ்வாறு தடுக்கப்பட்டவர்கள் அனைவரும் காரையோ மிதிவண்டியையோ திருடச் சென்றுவிடவுமில்லை என்று ஆய்வாளர்கள் கண்டனர். வாய்ப்புக் கிடைத்ததால் திருடியவர்கள், வாய்ப்பு மூடப்பட்டதும் பெரும்பாலும் திருடாமலே இருந்துவிட்டனர்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி நம் மாநிலத்தில் 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் வலியுறுத்தப்பட்டது. அது தலையைக் காக்கும் என்பதே முதற்பயன். ஊரார் அனைவரும் அதை ஒழுங்காக அணிந்தால் வண்டியையும் காக்கும் என்பது கூடுதல் பயன். ஆனால் தலைக்கவசத்தை வண்டியின் கண்ணாடியிலேயே தொங்கவிட்டுச் சென்றால், திருடனுக்கு அதையும் நாமே கொடுத்து வழியனுப்புகிறோம்.

திருடு போனால் செய்ய வேண்டியவை

நிறுத்திய இடத்தில் வண்டி இல்லையென்றால், அக்கம்பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு உடனே 112 அல்லது 100 என்ற எண்ணை அழையுங்கள். உறவினர், நண்பர் எனத் தேடி இரண்டு நாட்களைக் கழிப்பது பெருந்தவறு. அதற்குள் வண்டி மாவட்ட எல்லையைக் கடந்துவிடும். அல்லது துண்டு துண்டாகக் கழற்றப்பட்டுவிடும். பதிவு எண், எஞ்ஜின் எண், சேஸிஸ் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருங்கள். பதிவெண் தகட்டை மாற்றுவது எளிது. உலோகத்தில் பொறிக்கப்பட்ட எண்களைச் சுவடின்றி அழிப்பது கடினம்.

காவல் நிலையத்தில் புகார் அளித்ததும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதைத் தருவர். பலர் அதையே வழக்குப் பதிவு என்று எண்ணித் திரும்பிவிடுகின்றனர். அது புகார் பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே. எப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை வேறு. காப்பீட்டு நிறுவனம் கேட்பது இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியில் அளித்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது நம் உரிமை. வழக்குப் பதிய மறுக்கப்பட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதன் பின்னரும் பயனில்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம். இதைப் பணிவோடும், ஆனால் உறுதியோடும் கேட்டுப் பெறுங்கள்.

வண்டி மீட்கப்பட்டால் அது காவல் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்க விடப்பட வேண்டியதில்லை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், கைப்பற்றப்பட்ட வாகனங்களை நீண்ட காலம் காவல் நிலையங்களில் வைத்திருப்பதில் பயனில்லை என்றும், உரிய பிணையும் புகைப்படமும் பெற்று உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம் என்றும் வழிகாட்டியுள்ளது. நீதிமன்றத்தில் மனுச் செய்து இடைக்காலமாக வண்டியைப் பெறலாம்.

காப்பீடு பற்றிச் சில தெளிவுகள்

"இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்ற நிம்மதியில் பலர் இருக்கின்றனர். எந்தக் காப்பீடு என்று பார்ப்பதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு அது பொறுப்பேற்கும். நம் வண்டி திருடு போனால் ஒரு ரூபாயும் தராது. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே வாங்கப்படுகிறது. திருட்டுக்கும் பொறுப்பேற்கும் சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. ஐந்தாண்டுச் சீட்டு கையில் இருப்பதால் எல்லாம் இருப்பதாக எண்ணி இரண்டாமாண்டில் அதைப் புதுப்பிக்காமல் விடுவோர் எத்தனையோ பேர்.

கிடைக்கும் தொகையும் வாங்கிய விலையன்று. ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படும். இரண்டு முதல் மூன்று ஆண்டு பழமையான வண்டிக்கு 30 விழுக்காடு கழியும். அதாவது 80,000 ரூபாய் விலையுள்ள வண்டிக்கு 56,000 ரூபாய் மதிப்பிடப்படும். நான்கு முதல் ஐந்து ஆண்டாயின் சரிபாதி. கடன் நிலுவை இருந்தால் அத்தொகை முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திற்கே செல்லும்.

திருட்டு நிகழ்ந்தவுடன் காப்பீட்டு நிறுவனத்திற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வண்டியின் இரு சாவிகளையும் நிறுவனம் கேட்கும். ஒன்று இல்லையெனில் வினா எழும். ஆகவே இரண்டாவது சாவியை அலட்சியமாகத் தொலைத்துவிடாதீர்கள். வண்டி கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறைச் சான்றும் தேவைப்படும். காவல்துறையில் உடனே புகார் செய்தும், காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிப்பதில் மட்டும் தாமதம் ஏற்பட்டிருந்தால், அந்த ஒரு காரணத்தைக் கொண்டே இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இது நமக்கு ஆறுதல். ஆனால் காவல்துறைக்குத் தாமதமாகச் சென்றவருக்கு இத்தீர்ப்பு துணை நிற்காது. காப்பீடு குறித்த மார்க்கத் தீர்ப்பை அறிய விரும்புவோர் நம் உலமாப் பெருமக்களை அணுகுவார்களாக. சட்டமும் நடைமுறையும் எவ்வாறு உள்ளன என்பதைச் சொல்வதே என் பணி.

விலை மலிவு என்னும் வலை

திருடுபவன் ஒருவன் என்றால், அதை வாங்குபவன் மற்றொருவன். வாங்குவோர் இல்லையெனில் திருடுவோரும் குறைவர். ஐம்பதாயிரம் பெறும் வண்டியை ஆவணமின்றிப் பத்தாயிரத்துக்குத் தருவதாக ஒருவர் கூறினால், எஞ்சிய நாற்பதாயிரம் எங்கோ ஒரு வீட்டின் கண்ணீர் என்று அறிந்துகொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என அறிந்தும், அவ்வாறு கருதக் காரணமிருந்தும் பெறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். திருடியவனுக்கு 303-ஆம் பிரிவு விதிக்கும் தண்டனையும் மூன்றாண்டு வரையே என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டம் இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஹராமான பொருளில் ஏறிப் பள்ளிக்கு வருவதில் என்ன பரக்கத் இருக்க முடியும்?

பழைய வண்டி வாங்குவோர் ஆர்.சி.யில் உள்ள எஞ்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு நேரில் ஒப்பிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் அவ்வண்டி திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம். விற்றவர் பதினான்கு நாட்களுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஒருசேரத் தீராத தொல்லை. நம் ஜமாஅத்தில் மெக்கானிக் பட்டறையும் பழைய உதிரிபாகக் கடையும் நடத்தும் சகோதரர்கள், எண் அழிக்கப்பட்ட எந்தப் பொருளையும் தொடுவதில்லை என்று உறுதி கொள்வார்களாக.

பெற்றோர்களுக்கு

கசப்பான ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இத்தகைய வழக்குகளில் பிடிபடுவோரில் மீசை அரும்பாத சிறுவர்களும் இருக்கின்றனர். சுற்றிப் பார்க்கும் ஆசை, நண்பர்களிடையே பெருமை, போதைப் பழக்கத்திற்குப் பணம் என ஏதோ ஒன்று அவர்களை இதில் தள்ளுகிறது. வருமானம் இல்லாத மகன் ஒருநாள் ஒரு வண்டியோடு வந்து, "நண்பனுடையது" என்கிறான். ஒரு வாரம் கழித்தும் அவ்வண்டி வாசலில் நிற்கிறது. அந்த நண்பன் யார் என்று கேளாத தந்தை, நாளை காவல் நிலைய வாசலில் நிற்க நேரிடும். அன்று கேட்கப்படும் கேள்விகளைவிட இன்று வீட்டில் கேட்கும் ஒரு கேள்வி எளிது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சொந்த வண்டியின் சாவியைக் கொடுப்பதும் சிறு குற்றமன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அப்பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வழியுண்டு. வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும்.

உயர்குலப் பெண் ஒருத்தி திருடியபோது அவளுக்காகப் பரிந்துரைக்க வந்தவரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் சினங்கொண்டதும், தம் அருமை மகளாயினும் சட்டம் ஒன்றே என்று அறிவித்ததும் நாம் அறிந்த வரலாறு. நம் பிள்ளை என்பதற்காகக் குற்றத்தை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மையன்று. அதே வேளையில், தவறு செய்து திருந்தி வரும் இளைஞனுக்கு வேலையும் மரியாதையும் தேடித் தருவது ஜமாஅத்தின் கடமை. பள்ளியின் வாசல் அவனுக்கு அடைக்கப்படலாகாது.

ஐயத்தின் பேரில் அநீதி வேண்டாம்

அண்டை ஊரில் ஒரு வண்டி திருடு போனால் மறுநாள் ஊரில் கண்ட அந்நியர் எல்லாம் திருடராகத் தோன்றுவது மனித இயல்பு. பழைய துணி விற்பவர், முகவரி தேடி வந்தவர், மனநலம் குன்றியவர் ஆகியோர் இவ்வாறு அடிபட்ட செய்திகளை நாடெங்கும் கண்டுள்ளோம். ஐயங்களில் பலவற்றைத் தவிர்க்குமாறு திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. கண்ணெதிரே திருடியவனைப் பிடித்தாலும் நமக்குள்ள உரிமை அவனைத் தடுத்து வைத்துக் காவல்துறையிடம் ஒப்படைப்பது மட்டுமே. அதையும் தாமதமின்றி, ஆறு மணி நேரத்திற்குள் செய்ய வேண்டும் என்று இன்றைய சட்டம் கூறுகிறது. கம்பத்தில் கட்டி அடிப்பதும், அதைக் கைபேசியில் படமெடுத்துப் பரப்புவதும் மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் புறம்பானவை. ஒரு வண்டி போனால் மற்றொன்று வாங்கலாம். குற்றமற்ற ஒருவரின் உயிரையோ மானத்தையோ எங்கே வாங்குவது?

ஜமாஅத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்கள்

ஒன்று: ஜும்ஆ நேரத்தில் வாகனங்களுக்குக் காவல் தேவை. போர்க்களத்தின் அச்ச நேரத் தொழுகையில்கூட ஓர் அணி தொழ, மற்றோர் அணி காவல் நிற்கும் ஏற்பாட்டைத் திருக்குர்ஆன் கற்றுத் தந்துள்ளது. தொழுகையும் காவலும் ஒன்றுக்கொன்று பகையன்று. ஜும்ஆ வேளையில் நம்மவர் எவரும் தொழுகையை இழக்காதிருக்க, அக்கம்பக்கத்தில் உள்ள நம்பிக்கைக்குரிய பிற சமயச் சகோதரர் ஒருவரை உரிய ஊதியத்தில் அமர்த்தலாம். நம் வண்டியை அவரும், அவர் கோயில் திருவிழாவில் அவர்தம் வண்டியை நம் இளைஞர்களும் பார்த்துக்கொண்டால், பாதுகாப்போடு நல்லிணக்கமும் வளரும்.

இரண்டு: வாகனங்களை வரிசையாக, உள்ளிருப்பவர் வெளியேற இடம் விட்டு நிறுத்தக் கோடுகள் வரையலாம். தாறுமாறாக நிற்கும் வண்டிகளுக்கிடையே ஒன்று நகர்த்தப்பட்டால் எவரும் கவனிப்பதில்லை. ஒழுங்கான வரிசையில் ஓர் இடம் காலியானால் பளிச்செனத் தெரியும்.

மூன்று: வாயிலை நோக்கிக் கண்காணிப்புக் கேமரா பொருத்தலாம். அதன் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்ட வேண்டும். பதிவு குறைந்தது முப்பது நாட்களேனும் அழியாதிருக்க வேண்டும். நேரம் தவறிய பதிவு வழக்கில் உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம். அண்டை வீடுகளின் முற்றமும் பெண்கள் புழங்கும் வாயிலும் அதில் படாதவாறு அமைக்க வேண்டும். பிறர் வீட்டை எட்டிப் பார்ப்பதை மார்க்கம் தடுத்துள்ளது. கேமராவுக்கு அதில் விலக்கு இல்லை.

நான்கு: பெருநாளிலும் மீலாது விழாவிலும் சாவிகளை வாங்கி வண்டிகளை ஒழுங்குபடுத்தும் தொண்டர்கள், வாங்கிய கணம் முதல் அமானிதப் பொறுப்பில் இருக்கின்றனர். சாவியைப் பெற்றுக்கொண்டு வண்டியை நிறுத்தும் உணவு விடுதி, ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று எழுதி வைத்துத் தன் ஊழியரின் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் விடுதி நடத்தவில்லை. ஆயினும் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்னும் நெறியை நீதிமன்றத்திற்கு முன்பே நாம் கற்றிருக்கிறோம். எனவே சாவிக்குச் சாவி அட்டையும், பெறுவோரை அடையாளம் கண்டு திருப்பித் தரும் முறையும் வேண்டும்.

ஐந்து: வாகனத்தை இழந்து பிழைப்பு நின்றுபோன குடும்பத்திற்கு நமது பைத்துல்மாலில் இருந்து வட்டியில்லாக் கடன் வழங்க வழிவகை செய்யுமாறு நிர்வாகக் குழுவை வேண்டுகிறேன். புகார் எழுதவும் காவல் நிலையத்திற்கு உடன் செல்லவும் படித்த இளைஞர் இருவரைப் பொறுப்பாக்கினால், எழுத்தறியாத முதியவரும் விதவைச் சகோதரியும் அலைக்கழிய மாட்டார்கள்.

ஆறு: பள்ளி அருகே நாட்கணக்கில் கேட்பாரற்று ஒரு வண்டி நின்றால், நமக்கென்ன என்று கடந்து செல்லாமல் பதிவெண்ணைக் குறித்துக் காவல் நிலையத்திற்குத் தெரிவியுங்கள். திருடியவன் பயன்படுத்திவிட்டுக் கைவிட்ட வண்டியாக அது இருக்கக்கூடும். கண்டெடுத்த பொருளை உரியவரிடம் சேர்க்க அறிவிப்புச் செய்வது நம் மார்க்கம் விதித்த ஒழுங்கு.

அன்பிற்குரியவர்களே! செல்வம் நம்முடையதன்று. சிறிது காலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது. அதைப் பாதுகாத்தோமா என்பதும் விசாரிக்கப்படும். எப்படிச் சம்பாதித்தோம் என்பதும் விசாரிக்கப்படும். நம் வண்டியைப் பூட்டுவோம். அண்டை வீட்டார் வண்டியையும் நம்முடையது போல் கருதுவோம். திருட்டுப் பொருள் நம் வாசலைத் தாண்டி உள்ளே வராமல் காப்போம். இத்தனையும் செய்த பின், இரு கரம் ஏந்தி இறைவனைச் சார்ந்திருப்போம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உடைமைகளையும், மக்களையும், மானத்தையும் பாதுகாப்பானாக! பொருளை இழந்தோருக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவானாக! வழிதவறிய இளைஞர்களுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தையும் தவ்பாவையும் நல்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.